கண்மட்டம் யாருடையது?



வீட்டு உள்ளலங்காரம் பற்றி எங்களுக்கு வரும் கடிதங்களில் ஒரு மனக்குறை மாறாமல் வருகிறது. "த்ரீடி படத்துல பார்த்தப்போ ஹால் அவ்வளவு பெருசா இருந்துச்சு. வேலை முடிஞ்சு சோபா போட்ட பிறகு டிவி யூனிட்டுக்கும் அதுக்கும் நடுவுல ஆள் நடக்க முடியல" என்கிறார்கள். இத்தனைக்கும் படத்தில் சுவரின் அளவு சரி, சோபாவின் அளவும் சரி. படத்துக்குள் கேமராவை வைத்த இடத்தில்தான் கோளாறு. அறையின் ஒரு மூலையில் அதை ஒட்டி வைத்து, மனிதக் கண்ணுக்கு ஒரே பார்வையில் அகப்படாத அகலத்தை ஒரே சட்டத்துக்குள் அடைத்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கிட்டே இருக்கும் தரை நீண்டுகொள்ளும், எதிர்ச்சுவர் தள்ளிப் போய்விடும். பன்னிரண்டு அடி ஹால் கல்யாண மண்டபமாகத் தெரியும்.

இந்த இதழின் பெரும்பகுதியைக் கண்ணுக்குத் தெரிகிறபடி ஆழத்தைக் கையால் வரைந்து காட்டும் பெர்ஸ்பெக்டிவுக்கும், அதற்கு நிழலும் நிறமும் ஏற்றும் ரெண்டரிங்குக்கும் ஒதுக்கியதற்கு இந்தக் கடிதங்களே காரணம். கம்ப்யூட்டர் எல்லாம் செய்துவிடும் காலத்தில் ஸ்கேலும் பென்சிலும் எதற்கு என்று இன்டீரியர் டிசைன் படிக்கும் பிள்ளைகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஓர் அறையை யாருடைய கண்ணிலிருந்து, எவ்வளவு தூரத்திலிருந்து காட்டுகிறோம் என்பதைக் கையால் வரைகிறவர் ஒவ்வொரு முறையும் தானே முடிவு செய்தாக வேண்டும். முதல் கோடே கண்மட்டக் கோடு. அதைப் போடாமல் அடுத்த கோடு இல்லை. மென்பொருளில் அந்த முடிவு முன்பே எடுக்கப்பட்டிருக்கும். கவனிக்காதவர் கவனிக்காமலே போய்விடலாம்.

கண்மட்டம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள ராமேஸ்வரம் கோயிலின் மூன்றாம் பிரகாரத்துக்குப் போனால் போதும். வரிசையாகத் தூண்கள், மேலே விதானம், கீழே நீண்ட தரை. எல்லாக் கோடுகளும் தூரத்தில் ஒரே புள்ளியை நோக்கி ஓடும். அந்த மறைபுள்ளி நாம் நிற்கும்போது நம் கண் உயரத்தில் இருக்கிறது. அங்கேயே தரையில் உட்காருங்கள், அதுவும் கீழே இறங்கி வரும். பக்கத்தில் நிற்கும் ஐந்து வயதுக் குழந்தைக்கு அது குழந்தையின் கண் உயரத்தில் இருக்கும். ஒரே பிரகாரத்தில் அப்பாவும் மகளும் இரண்டு வேறு படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இத்தாலியில் ஃப்ளாரன்ஸ் நகரத்துக் கலைஞர்கள் இதை அறுநூறு ஆண்டுகளுக்கு முன் கணக்காக்கினார்கள். புரூனெலெஸ்கி என்ற கட்டடக் கலைஞர், ஊரின் ஞானஸ்நான ஆலயத்தைப் பலகையில் வரைந்து, மறைபுள்ளி இருந்த இடத்தில் ஓட்டை போட்டார். பலகையின் பின்பக்கமிருந்து ஓட்டை வழியே பார்க்க வேண்டும். எதிரே பிடித்த கண்ணாடியில் ஓவியம் தெரியும். கண் எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பார்ப்பவரின் விருப்பத்துக்கே விடவில்லை. 1435-இல் ஆல்பர்ட்டி என்ற அறிஞர் இந்த முறையை நூலாக எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பு, 1427 வாக்கில், மசாச்சோ என்ற இளைஞர் சாண்டா மரியா நொவெல்லா ஆலயத்துச் சுவரில் திரித்துவ ஓவியத்தைத் தீட்டியிருந்தார். அதில் வளைவுக் கூரை போட்ட ஓர் அறை இருக்கிறது. அதன் மறைபுள்ளியை ஆலயத்துக்குள் வந்து நிற்கும் சாதாரண ஆளின் கண் உயரத்தை ஒட்டியே வைத்தார். சுவரைக் குடைந்து உள்ளே அறை கட்டியதுபோல் தெரிகிறது என்று கலைஞர்களின் வரலாற்றை எழுதிய வசாரி பிற்காலத்தில் சொன்னது அந்த ஓவியத்தைப் பற்றித்தான்.

லியோனார்டோவின் 'கடைசி விருந்து' 1490-களின் இறுதியில் மிலான் மடம் ஒன்றின் சாப்பாட்டுக்கூடச் சுவரில் வரையப்பட்டது. உட்புறத்தை வரைபவர்களுக்கு அது ஒரு பாடப்புத்தகம். மேல்கூரையின் கட்டங்களும் பக்கச்சுவர்களின் திரைச்சீலைகளும் இயேசுவின் முகத்தருகே போய்ச் சேர்கின்றன. அவருடைய நெற்றிப்பொட்டில் ஆணி அடித்த சிறு துளை கண்டறியப்பட்டிருக்கிறது. அங்கிருந்து கயிறு பிடித்து லியோனார்டோ கோடு போட்டிருக்கிறார். ஆனால் அந்தப் புள்ளி, கூடத்தின் தரையில் நிற்பவரின் கண்ணைவிட வெகு உயரத்தில் இருக்கிறது. தெய்வத்தின் விருந்தை அண்ணாந்து பார்க்கட்டும் என்று ஓவியர் நினைத்தால் அதற்கு அர்த்தம் உண்டு. நம் வீட்டு ஹாலையும் சமையலறையையும் மசாச்சோ வைத்த உயரத்தில் வைத்து வரைவதே முறை. அதையும்விடச் சற்றுக் கீழே இறக்கினால் இன்னும் நல்லது, ஏனென்றால் ஹாலில் நாம் பெரும்பாலும் உட்கார்ந்துதான் இருக்கிறோம்.

இனி நேராக வேலைக்கு வருவோம். ஒரு ஏ3 தாள் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு அடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று வைத்து, ஹாலின் எதிர்ச்சுவரைத் தாளின் நடுவிலிருந்து சற்று வலப்புறம் தள்ளி வரையுங்கள்: அகலம் 12, உயரம் 10. நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண் ஏறக்குறைய 4 அடி உயரத்தில் இருக்கும். ஆகவே தரையிலிருந்து 4 செ.மீ. மேலே, தாளின் குறுக்கே முழுவதும் கண்மட்டக் கோடு. அதில் சுவரின் நடுவே மறைபுள்ளி. அங்கிருந்து சுவரின் நான்கு மூலைகள் வழியாகவும் வெளியே கோடு இழுத்தால் பக்கச்சுவர்கள், தரை, சீலிங் எல்லாம் ஒரே நேரத்தில் கிடைத்துவிடும். இதுவரை எல்லோரும் செய்துவிடுவார்கள். ஆழத்தைக் குறிக்கும்போதுதான் பிள்ளைகள் குத்துமதிப்பில் இறங்குகிறார்கள்.

அதற்கும் வழி இருக்கிறது. சுவரின் தரைக்கோட்டை இடப்பக்கம் நீட்டி, மூலையிலிருந்து ஒவ்வொரு சென்டிமீட்டராகப் பத்துப் புள்ளி வையுங்கள். கண்மட்டக் கோட்டில், மறைபுள்ளியிலிருந்து இடப்பக்கம் 20 செ.மீ. தள்ளி இன்னொரு புள்ளி. இதை மெஷரிங் பாயிண்ட் என்பார்கள். பார்ப்பவர் எதிர்ச்சுவரிலிருந்து 20 அடி தள்ளி இருக்கிறார் என்று அதற்குப் பொருள். அந்தப் புள்ளியிலிருந்து நீங்கள் வைத்த ஒவ்வொரு புள்ளி வழியாகவும் கோடு இழுத்தால், இடச்சுவரும் தரையும் சேரும் விளிம்பை அது எங்கே தொடுகிறதோ அங்கே ஒரு அடி, இரண்டு அடி, மூன்று அடி என்று ஆழம் விழும். பத்தாவது அடியில் தரையின் அகலத்தை அளந்து பாருங்கள். 24 செ.மீ., அதாவது எதிர்ச்சுவரைப்போல் சரியாக இரண்டு மடங்கு வந்தால் உங்கள் கை தப்பவில்லை.

நம் வீடுகளில் இப்போது பரவலாகப் போடும் இரண்டடிக்கு இரண்டடி விட்ரிஃபைடு டைல்ஸ் இந்த வேலைக்கு வசதியாக அமைந்திருக்கிறது. இரண்டு அடிக்கு ஒரு கோடு போட்டுவிட்டால் தரையே அளவுச் சட்டமாகிவிடும். மூன்றடி அகல சோபா ஒன்றரை டைல், ஏழடி நீளம் மூன்றரை டைல் என்று எண்ணி வைத்துவிடலாம். டைல்ஸின் மூலைவிட்டங்களை நீட்டிப் பார்த்தால் ஒரு பக்கத்து மூலைவிட்டங்கள் எல்லாம் அந்த மெஷரிங் பாயிண்டில் போய்ச் சேரும். சேரவில்லையென்றால் எங்கோ ஒரு கோடு பிசகியிருக்கிறது. உயரங்களுக்கு எதிர்ச்சுவரை நம்புங்கள், ஏனென்றால் அந்தச் சுவரில்தான் அளவு அப்படியே நிற்கிறது. அதன் மூலைக்கோட்டில் ஒன்றரை அடி குறித்து, மறைபுள்ளியிலிருந்து அதன் வழியே பக்கச்சுவரில் இழுத்து வந்தால் சோபா இருக்கையின் உயரம் எந்த இடத்துக்கும் கிடைக்கும்.

பிறகு அறைக்குள் ஒரு ஆளை நிறுத்துங்கள். கண்மட்டம் நான்கடி என்றால், நிற்கும் பெரியவர் எங்கே நின்றாலும் அந்தக் கோடு அவருடைய மார்பை ஒட்டித்தான் போக வேண்டும். உட்கார்ந்தவரின் கண்ணில் போக வேண்டும். மனிதர் இல்லாத படத்தில் அளவு தெரியாது. ஆள் ஒருவர் நின்றுவிட்டால் லாஃப்ட் எட்டுமா, கதவு இடிக்குமா என்று வீட்டுக்காரர் தானே பார்த்துக்கொள்வார்.

கோயம்புத்தூரில் பாதி கட்டிய வீடொன்றில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். பூச்சு வேலைகூட முடியாத சமையலறை. சிமென்ட் மேடைமீது பட்டர் பேப்பரை விரித்து ஒரு இளம் டிசைனர் வரைந்துகொண்டிருந்தார். பிளானைக் காட்டியபோதெல்லாம் சரி சரி என்று தலையாட்டிய அந்த வீட்டு அம்மா, மேடையும் மேல் அலமாரியும் கோட்டில் எழும்பியதும் குனிந்து பார்த்தார். படத்தில் மேடையோரம் ஒரு பெண்ணை வரைந்தபோது, "ஏங்கண்ணு, இது நானா? அந்த மேல் தட்டு எனக்கு எட்டுமா?" என்று கேட்டார். "எட்டாதுங்கம்மா, ஸ்டூல் போட்டாத்தானுங்க" என்றார் டிசைனர். "முட்டி வலிக்காரி ஸ்டூல்ல ஏறுவனா? அதைக் கீழ எறக்கிப் போட்டுரு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். டிசைனர் இன்னொரு பட்டர் பேப்பரை மேலே வைத்து, அலமாரியை ஒன்பது அங்குலம் இறக்கி, வெளிச்சத்துக்காக சிங்க்கை ஜன்னலடிக்கு நகர்த்தினார். பிளைவுட் வாங்குவதற்கு முன்பே நடந்த மாற்றம். ஆசாரி வந்து அடித்த பிறகு நடந்திருந்தால் பணமும் மனஸ்தாபமும்தான் மிஞ்சியிருக்கும். கம்ப்யூட்டரில் ரெண்டர் செய்து, பளபளவென்று ஃப்ரேமுக்குள் வரும் படத்திடம் அந்த அம்மா இவ்வளவு உரிமையோடு பேசியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். முடிந்துவிட்டது போன்ற படத்தின் முன் மக்கள் மௌனமாகிவிடுகிறார்கள்.

ரெண்டரிங் பற்றி ஒரு தவறான எண்ணம் இருக்கிறது, அது படத்தை அழகாக்கும் வேலை என்று. வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எந்தப் பரப்பு என்ன பொருளால் ஆனது என்று சொல்வதுதான் அதன் வேலை. முதலில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யுங்கள். அதற்கு ஏற்ப ஒவ்வொரு பெட்டி வடிவத்துக்கும் மேற்பரப்பு வெளுப்பு, ஒரு பக்கம் நடுத்தரம், ஒரு பக்கம் இருட்டு. மூன்று சாம்பல் நிறங்களை வைத்து முழு அறையையும் எழுப்பிவிடலாம். நிறத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். சாம்பலில் எழும்பாத அறை நிறத்தில் எழும்பாது.

1987-இல் ஜப்பானிலிருந்து வந்த காப்பிக் மார்க்கரையும் அதுபோன்ற ஆல்கஹால் மார்க்கர்களையும் கல்லூரிகளில் விரும்புகிறார்கள். விலை அதிகம்தான். வசதி இல்லாதவர்கள் தயங்க வேண்டாம், கார்ட்ரிட்ஜ் தாளும் கேம்லின் நீர்வண்ணமும் கலர் பென்சிலும் போதும். எதில் செய்தாலும் வெளுத்த நிறம் முதலில், அடர்ந்தது பிறகு. தேக்குக்கு மஞ்சள் கலந்த பழுப்பை ஒரே திசையில் தடவி, காய்ந்தபின் பழுப்புப் பென்சிலால் ரேகைகளை இழையுங்கள். எல்லாப் பலகையிலும் ஒரே மாதிரி ரேகை போட்டால் லேமினேட்டாகத் தெரியும். வெள்ளைச் சுவருக்கு வெள்ளை தடவாதீர்கள், தாளை விட்டுவிடுங்கள்.

விட்ரிஃபைடு தரையில் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். நாற்காலிக் காலின் பிரதிபலிப்பை நிழலைப்போல் சாய்த்துப் போட்டுவிடுவார்கள். நிழல் வெளிச்சத்தின் திசையைப் பொறுத்துச் சாயும். பிரதிபலிப்பு எப்போதும் காலுக்கு நேர் கீழே, செங்குத்தாக இறங்கும். இந்த ஒன்றைச் சரியாகப் போட்டாலே தரை மின்னத் தொடங்கிவிடும்.

நிறமே இல்லாமல் பொருளின் தன்மையைக் காட்டுவது எப்படி என்று தெரிய, ஆனந்த விகடனில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காக ஓவியர் சில்பி வரைந்த கோட்டோவியங்களைத் தேடிப் பாருங்கள். சென்னை ஓவியப் பள்ளியில் பயின்றவர் அவர். வெறும் பேனாக் கோட்டில் கருங்கல்லின் சொரசொரப்பும், எண்ணெய் ஏறிய சிலையின் வழுவழுப்பும் வேறுவேறாகத் தெரியும். இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் அலுவலகப் படங்களும் அப்படித்தான். லக்கி சேனநாயக்க போன்ற ஓவியர்கள் அங்கே பணியாற்றினார்கள். முற்றத்து மரங்களை இலை இலையாக வரைந்திருப்பார்கள். அந்த மரத்தை வெட்டாமல் கட்ட வேண்டும் என்ற எண்ணத்தைப் படமே கட்டுபவர் மனதில் பதித்துவிடும்.

இப்படி வரைகிறவர்கள் பெரும்பாலும் பெயரில்லாமல் போய்விடுகிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். 1894-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கட்டடக் கலைப் பட்டம் பெற்ற மேரியன் மஹோனி, கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட்டின் அலுவலகத்தில் வரைந்தார். ரைட்டின் புகழை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோன 1910-ஆம் ஆண்டு பெர்லின் தொகுப்பின் படங்களில் கணிசமானவை அவருடைய வரைவுகளை அடியொற்றியவை. ஜப்பானிய அச்சோவியம் போல, ஓரமாக ஒரு மரக்கிளை, பரந்த வெற்றிடம், அதற்கு நடுவே வீடு என்ற அமைப்பு அவர் கைவண்ணம். பிறகு அவருடைய கணவர் வால்டர் பர்லி கிரிஃபினின் பெயரில் ஆஸ்திரேலியத் தலைநகர் கான்பெராவுக்கான போட்டிக்குப் படங்கள் போயின. 1912-இல் அவை வென்றன. இன்னும் ஒரு கல்கூட நடாத நகரத்தை, மலையும் ஏரியும் மாலை வெயிலுமாக நடுவர்களின் கண்ணுக்குக் கொண்டுவந்தவை மேரியன் தீட்டிய படங்கள். கிரிஃபின் பின்னாளில் நம் லக்னோவுக்கு வந்து வேலை செய்தார். மேரியனும் 1936-இல் அங்கே வந்து சேர்ந்துகொண்டார். அடுத்த ஆண்டு கணவர் அங்கேயே காலமானார். இத்தனை பெரிய கைக்கு உரிய பெயர் கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. எனவே இந்த இதழிலிருந்து, நாங்கள் வெளியிடும் ஒவ்வொரு உட்புறப் படத்தின் கீழும் வடிவமைத்தவர் பெயரோடு வரைந்தவர் பெயரையும் அச்சிடுகிறோம். படம் அனுப்பும் நிறுவனங்கள் அதைக் குறிப்பிட்டே அனுப்ப வேண்டும்.

கம்ப்யூட்டரை விட்டுவிடுங்கள் என்று சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஸ்கெட்சப்பும் லூமியனும் இன்றைய தொழிலின் அன்றாடக் கருவிகள்; வேலை தேடும் இளைஞர் கற்றே ஆக வேண்டும். செயற்கை நுண்ணறிவு நொடியில் ஒரு ஹாலைக் காட்டுகிறது, அழகாகவும் இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் ஜன்னலே இல்லாத சுவரில் அது ஜன்னலைத் திறந்துவைக்கும். அதைக் கண்டுபிடிக்க, கையால் ஒருமுறையாவது அந்த அறையை அளந்து வரைந்த கண் வேண்டும். வீடு கட்டும் வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. த்ரீடி படம் கைக்கு வந்ததும், கேமரா எத்தனை அடி உயரத்தில் இருக்கிறது, ஃபீல்ட் ஆஃப் வியூ, அதாவது கேமராவுக்குள் அகப்படும் பார்வைக் கோணம், எத்தனை பாகை என்று கேளுங்கள். 60 பாகைக்கு மேல் போனால் ஓரங்கள் இழுபடும். உங்கள் உயரத்தில் ஒரு உருவத்தை உள்ளே நிறுத்தித் தரச் சொல்லுங்கள். நல்ல டிசைனர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷப்படுவார்.

புதிதாகக் கற்பவர்கள் கணக்கிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. உங்கள் அறையையே செல்போனில் படம் எடுத்து, அச்சிட்டு, அதன்மேல் பட்டர் பேப்பரை வைத்துச் சுவர், தரை, சீலிங் விளிம்புகளை நீட்டிப் பாருங்கள். அவை சந்திக்கும் புள்ளி கிடைக்கும். படம் எடுத்தபோது போன் எந்த உயரத்தில் இருந்தது என்பது தெரிந்துபோகும். ஒரு மறைபுள்ளி கைவந்தபின் இரண்டு மறைபுள்ளிக்குப் போகலாம். அதில் இரண்டு புள்ளிகளையும் தாளுக்குள்ளேயே நெருக்கி வைத்தால் அறையின் மூலை ஈட்டிபோல் கண்ணைக் குத்தும். தாளை மேஜையில் ஒட்டி, புள்ளிகளை மேஜையின்மேல் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்வது பழைய வரைவாளர்களின் வழக்கம். ஃபிரான்சிஸ் சிங்கின் 'ஆர்க்கிடெக்சுரல் கிராஃபிக்ஸ்' கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 1975-இல் வெளிவந்த புத்தகம், எழுத்தும் படமுமாகக் கையாலேயே ஆக்கப்பட்டது, ஆங்கிலம் அதிகம் தெரியாதவருக்கும் படங்களே பாடம் நடத்திவிடும். தமிழில் அப்படியொரு நூல் வர வேண்டும். எழுதக்கூடிய ஆசிரியர்கள் நம் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அவர்கள் எழுதித் தந்தால் தொடராக வெளியிட எங்கள் பக்கங்கள் தயாராக இருக்கின்றன.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டில் அதிக நேரம் ஒரே அறையில் இருப்பவர் யார் என்று பாருங்கள். கட்டிலில் இருக்கும் பாட்டியாக இருக்கலாம், தரையில் தவழும் பேரனாக இருக்கலாம், சமையலறையில் நிற்கும் அம்மாவாக இருக்கலாம். அவருடைய கண் உயரத்தை டேப் வைத்து அளந்து, அந்த உயரத்தில் கண்மட்டக் கோடு போட்டு, அந்த அறையைப் பென்சிலில் வரைந்து அனுப்புங்கள். கோடு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. படத்தின் பின்புறம் யாருடைய கண், எத்தனை அடி எத்தனை அங்குலம் என்று மறக்காமல் எழுதுங்கள். தேர்ந்தெடுத்தவற்றை, வரைந்தவர் பெயரோடு அடுத்த இதழில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்